கேட் தெரு உலை

மண்வெட்டி போட்டால் கொலுசுச் சத்தம் வரும் நிலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் படாளத்துக்காரி. எங்கள் ஊர் மண்ணில் மண்வெட்டி இறங்கினால் 'சதக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. செங்கல்பட்டில், திருப்போரூர் போகும் சாலையோரம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த பாட்டில் கம்பெனி நிலத்திலோ எங்கே வெட்டினாலும் கிணுகிணுத்தது. மேலே அரையடி மண், அதற்குக் கீழே இடுப்பளவுக்கு உடைந்த கண்ணாடி. மருந்து பாட்டில், சோடா பாட்டில், மை பாட்டில் என்று கம்பெனி ஓடிய காலத்தில் வீணானதையெல்லாம் எடை போட்டு, கணக்கு எழுதி, அங்கேயே கொட்டி மூடியிருக்கிறார்கள்.

அதைத்தான் பூங்காவாக்கும் வேலையை எங்கள் காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். சைட் சூப்பர்வைசர் நான். பெயர் கவியா, படிப்பு டிப்ளமோ சிவில். வேலை தொடங்கிய முதல் வாரமே என் செருப்பு கிழிந்தது. பூட்ஸும் ஹெல்மெட்டுமாக நான் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, மண் சுமக்கும் அம்சா அக்கா, "இன்னாம்மா, போலீசு வேலைக்கு மாறிட்டியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சைட்டில் எனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர்.

ஆடி கடைசியில் ஒரு மாலை மழை அடித்து ஓய்ந்தது. மேகம் விலகி மேற்கிலிருந்து வெயில் விழுந்தபோது, வெட்டிப் போட்ட அவ்வளவு நிலமும் ஒரே நேரத்தில் மினுங்கியது. கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கழுவுவதை விட்டுவிட்டு நின்றார்கள். எதையும் பார்த்து வாய் பிளக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊரில் என்னைக் கல்மூஞ்சி என்பார்கள். அன்றைக்குப் பிளந்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

நான் குடியிருந்தது பதருன்னிசா அம்மா வீட்டு மாடியறையில். கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே ஓடுவது கேட் தெரு. கம்பெனியில் வேலை பார்த்த குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அதற்கு அடுத்த தெரு எங்களுடையது. கடைத்தெருவுக்கோ பள்ளிவாசலுக்கோ போக வேண்டுமானால் கேட் தெரு வழியாகக் கிழக்கே நடந்தால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம். ஆனால் வீட்டுக்காரர் ஜெயினுலாபுதீன் பாய் வாசலில் இறங்கியதும் மேற்கே திரும்புவார். ஏரிக்கரையைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார். திரும்பி வருவதும் அதே வழிதான். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் அவர். ஊரெல்லாம் அவரிடம் அடுப்பு வரும். பக்கத்திலிருக்கும் கேட் தெருவிலிருந்து மட்டும் ஒன்றுகூட வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த பதருன்னிசா அம்மாவிடம் இதைக் கேட்டேவிட்டேன். பக்கத்து அடுப்பில் ஆட்டுக்கால் பாயா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அச்சை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"அது பெரிய பேஜாரும்மா. கம்பெனி ஓடுன காலத்துல உலைக்கு இவருதான் இன்சார்ஜு. உலைன்னா நம்ம அடுப்பு மாதிரி நெனச்சிக்காத. ஒரு வூடு உள்ள போவும், அவ்ளோ பெருசு. ராவும் பகலும் எரிஞ்சிகினே இருக்கணும். அணைஞ்சிதுன்னா உள்ள கீற கண்ணாடிக் குழம்பு கல்லாயிடும். கல்லாச்சுன்னா உலை செத்துச்சு. அப்பால பத்த வைக்கவே முடியாது."

"அணைஞ்சு போச்சா?"

"உலை எரிக்கிற எண்ணெ டேங்கர் வரல. கொஞ்ச நாளு மூடி வைங்க, அப்பால ஓட்டலாம்னு மொதலாளி சொன்னாரு. மூடணும்னா உலைக்கு அடியில ஒரு வடிகால் ஓட்ட கீது, அத்த தொறந்து குழம்ப வடிச்சிடணும். அது இவரு வேல. வடியல. மொதலாளி வந்து எட்டிப் பாத்தாரு, உலை ரொம்பிப் போயி கல்லா கெடக்குது. 'உங்க ஆளே சாவடிச்சிட்டான், நான் இன்னா பண்ண'ன்னு கேட்டுக்குப் பூட்டு போட்டுட்டுப் போனவருதான். அந்தத் தெரு முழுக்க கம்பெனிய நம்பின வூடுங்க. அன்னிக்கு வெள்ளிக்கெழம வேற. ஓட்டையத் தொறக்காம பாய் ஜும்மாவுக்கு ஓடிட்டாருன்னு எவனோ கெளப்பி வுட்டான்."

"போனாரா?"

"கையெல்லாம் கொப்புளத்தோட வந்து நின்னாரு. நான்தான மருந்து போட்டேன். தொறந்தேன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. யாரும் நம்பல. அப்பால அதப்பத்தி வாயே தொறக்கல, என்கிட்டகூட."

இடியாப்பத் தட்டை இறக்கி என் முன்னால் வைத்தார். சொன்ன கதையின் பாரம் போதாதென்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நல்ல கம்பெனிதாம்மா. எந்த ஷிப்டுல உடைசலும் ரிஜெக்டும் கம்மியோ, மாசக் கடைசியில அந்த ஷிப்டுக்கு பிரியாணி. எங்க அத்தா, அதாம்மா எங்கப்பா, அவருதான் சமையல். சட்டியத் தூக்கினு போக வந்தப்போதான் இவரு என்னப் பாத்தாரு. எங்க கல்யாணமே அந்தப் பிரியாணியில முடிஞ்சுது."

பூங்கா வரைபடத்தில் உலை இருந்த இடத்தில் குழந்தைகளுக்கான தண்ணீர்த் தொட்டி வரைந்திருந்தது. அதாவது உலையை உடைத்து அள்ளிக் கொட்டிவிட வேண்டும். ஷெட்டின் கூரை என்றோ இறங்கிவிட்டது. இரும்பையெல்லாம் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செங்கல் மலை மாதிரி உலை மட்டும் நின்றது, உச்சியில் ஒரு வேப்பமரத்தோடு. அதை உடைக்க பிரேக்கர் மாட்டிய ஜேசிபி வேண்டும். சைட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி பாயின் மகன் முஜீப்புடையது. சைட்டில் அவர் என்னை மேடம் என்பார், வீட்டில் பாப்பா என்பார். நான் இரண்டு இடத்திலும் அண்ணா என்றே கூப்பிடுவேன்.

அன்று மாலைத் தொழுகை முடிந்து பாய் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பர்னரின் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முஜீப் டீயை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கு உலைய எடுக்கறோம் அத்தா. நம்ம வண்டிதான்."

பாய் நிமிரவில்லை. "வேற வண்டி வெச்சிக்கச் சொல்லு."

"இன்னாத்துக்கு?"

"நீ அதுல கை வைக்காத. அவ்ளோதான்."

"நான் வெக்காட்டி வேற எவனாவது வெச்சி தூள் பண்ணிட்டுப் போவான். அத்தா, எனக்கு ஊர்ல இன்னா பேரு தெரியுமா? உலைய சாவடிச்சவன் புள்ள. ஸ்கூல்ல பாலாவும் நானும் ஒரே பெஞ்சில குந்தினு இருந்தோம். அவங்கப்பன் வெங்கடேசன் கிளாசுக்குள்ள வந்து, அவன் கையப் புடிச்சி வேற பெஞ்சுக்கு இட்டுகினு போனாரு. டீச்சரு பாத்துகினே இருந்தாங்க. எனக்கு இன்னா புரியும் அந்த வயசுல? என் மேல ஏதோ நாத்தம் அடிக்குது போலன்னு சட்டைய மோந்து பாத்தேன்."

அடுப்படியிலிருந்து பதருன்னிசா அம்மா எட்டிப் பார்த்தார். பாயின் ஊசி நின்றிருந்தது.

"அந்த ஓட்ட நாளைக்கு வெளிய வரும். தொறந்து கீதா, மூடிக் கீதான்னு நான் என் கண்ணால பாக்கணும்" என்றார் முஜீப்.

"மூடி இருந்துச்சுன்னா?" இது பதருன்னிசா அம்மா.

"மூடி இருந்தா மூடி இருக்குது. அப்பால எவன் பேசினாலும் எனக்குக் கோவம் வராது."

"தொறந்தேன்டா" என்றார் பாய்.

"அப்ப இன்னாத்துக்கு பயப்படறீங்க?"

பாய் பர்னரைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையில் உட்கார்ந்து டீ குடிக்கும் அளவுக்கு எனக்கு முகம் கல் இல்லை.

மறுநாள் காலை கேட் தெருவே சைட்டில் நின்றது. யாருக்கும் சொல்லவில்லை, எப்படித்தான் தெரிந்ததோ. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, எங்கள் வாட்ச்மேனே வெங்கடேசன்தான். கம்பெனியில் பாட்டில் ஊதியவர், உலை பார்த்த பாயோடு ஒரு காலத்தில் மாமன் மச்சான் என்று பழகியவர். பூட்டிய கம்பெனிக்கே வாட்ச்மேனாகி, இப்போது பூங்காவுக்கும் வாட்ச்மேன். புது ஆள் யார் சைட்டுக்கு வந்தாலும், 'இந்த உலைய ஒருத்தன் கொன்னான்' என்று தொடங்குவார். எனக்கே மூன்று முறை சொல்லியிருக்கிறார், என் வீட்டு ஓனரைப் பற்றித்தான் என்று தெரிந்தே.

"உடைக்கட்டும் இன்ஸ்பெக்டரம்மா. ஓட்ட மூடினது மூடினபடி கீதா இல்லையான்னு பாருங்க. அப்ப தெரியும் நான் சொல்றது பொய்யா மெய்யான்னு."

முஜீப் வண்டியிலிருந்தே, "பாப்போம்ணா" என்றார். அவ்வளவுதான். வேப்பமரத்தை வேரோடு எடுத்து ஓரமாக நட்டோம். பிறகு பிரேக்கர் செங்கல்லில் இறங்கியது. புழுதி எழுந்து கேட் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தலை வெளுத்தது. உள்ளே விழுந்து கிடந்த கூரைச் செங்கல்லை அள்ளவே மதியமாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்து கிழக்குச் சுவரை உடைத்தபோது பிரேக்கரின் உளி சறுக்கியது. முஜீப் இன்னொரு முறை வைத்தார். திரும்பவும் சறுக்கியது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அம்சா அக்கா ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினாள்.

புழுதி வழிந்து இறங்கியது. பின்னால் பச்சை.

கோலி சோடா பாட்டிலின் அடியில் கண்ணை வைத்து வெயிலைப் பார்த்திருந்தால் அந்தப் பச்சை தெரியும். அந்தப் பச்சைதான், ஆனால் ஒரு வீடு அளவுக்கு. எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீரைக் கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அது பெரிதாகிக்கொண்டே போனது. மேலே இளம்பச்சை, உள்ளே போகப்போக மாமல்லபுரத்துக் கடல் ஆழத்தில் காட்டுகிற நிறம். மேற்குச் சுவரும் விழுந்தபோது மாலை வெயில் அந்தப் பக்கம் நுழைந்து, இந்தப் பக்கம் எங்கள் முகத்தில் வந்து விழுந்தது. அம்சா அக்காவின் மூக்குத்தி பச்சை, வெங்கடேசனின் நரைத்த மீசை பச்சை, என் வெள்ளை ஹெல்மெட்டும் பச்சை. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள், கண்ணாடித் துண்டு கிடக்கிற நிலத்தில். வெறும் மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிக் கிடப்பதுதான் அது, தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

இன்ஜினியர் ஜெபக்குமார் வந்து பார்த்தார். மனிதர் எப்போதும் வண்டியிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பிக்கிறவர். அன்றைக்கு இறங்கி, சுற்றி வந்து, ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். "உடைக்க வேணாம் கவியா. நான் மேல பேசுறேன். தொட்டிய வேற இடத்துல வெச்சிக்கலாம். அடியில எதுவரைக்கும் போகுதுன்னு சுத்தி மட்டும் தோண்டிப் பாருங்க."

முஜீப் அதற்கு முன்பே அடியில் இறங்கியிருந்தார். படுத்துக்கொண்டு கையாலேயே மண்ணைப் பறித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "வெங்கடேசண்ணா, இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

உலையின் அடியில் ஓட்டை இருந்தது. அது மூடியிருக்கவில்லை. கையளவு தடிமனில் கண்ணாடி அதன் வழியே வெளியே வந்து, தேன் வழிவதுபோல் வழிந்து, கீழே இருந்த கால்வாயில் விழுந்து, கற்பலகை மூடிய சுரங்கத்துக்குள் போயிருந்தது. பாயும்போதே உறைந்திருந்தது அது.

"தொறந்து கீது" என்றார் முஜீப். "எங்க அத்தா தொறந்திருக்காரு."

வெங்கடேசன் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். நெடுநேரம் தாடையைத் தடவினார். "தொறந்துதான் இருக்கான். லேட்டா தொறந்திருக்கான். டைமுக்குத் தொறந்திருந்தா மொத்தமும் வடிஞ்சிருக்குமே. தொழுதுட்டு வந்து தொறந்திருப்பான்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். முஜீப் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து நான் குறுக்கே போய் நின்றேன். அதற்குள் வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முஜீப் நனைந்துகொண்டே பேசினார். அந்தக் கால்வாய் எங்கே முடிகிறது என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார். பதருன்னிசா அம்மா செய்தியைக் கேட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் சொல்லல? கொப்புளம் கொப்புளமா வந்தாருன்னு நான் சொல்லல?" என்று எங்களிடம் கேட்டார், ஏதோ நாங்கள்தான் நம்பாதவர்கள் போல. நெத்திலிக் கருவாடு வறுத்து, புளிச்சகீரை கடைந்து, அன்றைக்கு எல்லோருக்கும் கட்டாயச் சாப்பாடு. ஆனால் யாருக்காக அந்தச் சந்தோஷமோ அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"ஓட்டையப் பாத்தாங்க இல்ல. அது போதும்" என்றார் பாய். "குழியத் தோண்டாத."

முஜீப் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "எந்தக் குழி? குழி கீதுன்னு நான் சொல்லவே இல்லையே."

பாய் கருவாட்டின் முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"லேட்டா தொறந்தாருன்னு பேசறாங்க அத்தா. நாளைக்கு அதையே ஊரு பேசும். அந்தக் குழியில இன்னா கீது? நீங்க இன்னாத்த மறைக்கறீங்க?"

"பேசிட்டுப் போறாங்க. இத்தினி வருஷம் பேசினாங்க, நான் செத்தா பூட்டேன்? தோண்டாத முஜீபு. அத்தா கேக்கறேன்."

இத்தனை நாளில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. முஜீப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் கை கழுவினார். பதருன்னிசா அம்மாவின் முகத்தில் சற்று முன் வந்த வெளிச்சம் அப்படியே வடிந்துவிட்டது. ஒருவேளை இந்த மனிதர் நிஜமாகவே ஏதோ செய்துவிட்டாரோ என்று எனக்கும் தோன்றியது.

விடியும்வரை மழை. காலையில் நான் போனபோது முஜீப் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார். தோண்டச் சொல்லி உத்தரவு இருக்கிறது, நான் தடுக்கவும் முடியாது. கால்வாய் மேலிருந்த கற்பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். உள்ளே கண்ணாடி ஒரு முதலையின் முதுகளவுக்குப் படுத்துக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். கடைசியில், வடிகிற குழம்பு வந்து விழுவதற்கான ஒரு பெரிய குழி, மேலே இரும்பு மூடி, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் குப்பை. குப்பையை வாரிவிட்டு மூடியில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் கேட் தெருக்காரர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

ஜெயினுலாபுதீன் பாய் வந்துகொண்டிருந்தார், ஏரிப் பக்கத்து உடைந்த சுவர் வழியாக, லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி. உலை இருந்த இடத்துக்கு வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. காலை வெயில் அந்தப் பச்சைக்குள் புகுந்திருந்த நேரம். தான் காய்ச்சியதை அவர் அதுவரை இப்படிப் பார்த்ததில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தவராக, "முஜீபு, வேணாம்" என்று கையை நீட்டினார். மூடி அதற்குள் மேலே எழும்பிவிட்டது.

குழி முழுக்க பாட்டில்.

ஆயிரக்கணக்கில் பாட்டில், அத்தனையும் பச்சைக் கண்ணாடிக்குள். சாய்ந்தவை, படுத்தவை, ஒன்றின் வாய்க்குள் ஒன்று நுழைந்தவை, சூட்டில் இடுப்பு மடங்கி உட்கார்ந்தவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அன்றைக்குச் சிக்கிய காற்று வெள்ளிக் குமிழாக நின்றது. மேலே ஒரு விரல் உயரத்துக்கு மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. அது அசைய, உள்ளே பாட்டில்களும் மீன்கூட்டம் மாதிரி அசைந்தன. கூட்டம் விளிம்புக்கு வந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். முஜீப்கூட ஏன் தோண்டினோம் என்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் உட்கார்ந்தவர் வெங்கடேசன். கண்ணாடியின்மேல் கையை வைத்து ஒரு பாட்டிலின் கழுத்தைத் தடவினார்.

"கழுத்து கோணி கீது பாரு. எங்க ஷிப்டு மோல்டு. அதுல ஊதினா இப்படித்தான் கோணும்." அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "இது நம்ம ரிஜெக்டு."

வெங்கடேசன் கையை எடுக்காமலே தொடர்ந்தார்.

"எண்ணிக்கையில வரக்கூடாதுன்னு, சூப்பர்வைசரு அந்தாண்ட போனதும் இந்தக் குழி மூடிய நவுத்தி உள்ள தள்ளி வுட்ருவோம். ஒண்ணு ரெண்டுதான. நாங்க மட்டுந்தான போடறோம்னு நெனச்சிகினு இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். "நாங்களும் அப்படித்தான் வெங்கிட்டு. எங்க ஷிப்டு மட்டும்தான்னு."

"நைட் ஷிப்டும் போட்டோம்" என்றார் இன்னொருவர்.

வெங்கடேசன் தலையைத் தூக்கி, எதிர் விளிம்பில் நின்ற பாயைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"அன்னிக்கே தெரியும்" என்றார் பாய். "ஓட்டையத் தொறந்ததும் நல்லா வடிஞ்சிது. அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. இன்னாடான்னு ஓடி வந்து குழி மூடியத் தூக்கினா, மேல வரைக்கும் பாட்டிலு. குழம்பு எங்க போவும்? கம்பிய வுட்டு குத்திக் குத்திப் பாத்தேன். கைதான் வெந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"யாரு பேரச் சொல்றது? மொதலாளி போலீசக் கூட்டாந்து ஆபீசுல குந்த வெச்சிகினு, நீ இல்லன்னா வேணும்னே உலைய நாசம் பண்ணவன் பேரச் சொல்லு, கேஸு போடறேன்னு கேக்கறாரு. மூணு ஷிப்டு பேரையும் சொல்லவா? உன் வூட்டுக்கு அப்பத்தான் அஸ்திவாரம் போட்டு நிக்குது. நானும்தான போட்டேன் வெங்கிட்டு. எனக்கும்தான பிரியாணி ஆச. ஒருத்தன் மேல கீறது ஒருத்தன் மேலயே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

முஜீப் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முஜீப்பின் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதா பாயைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஒரு தெருவே தன்மேல் துப்பியபோது, துப்பியவர்களின் பெயரையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஏரிக்கரையைச் சுற்றி நடந்திருக்கிறார். பெரிய மனிதர்கள் என்று நான் படித்தவர்களில் ஒருவர்கூட இவ்வளவு தூரம் நடந்ததில்லை.

வெங்கடேசன் எழுந்து, குழியைச் சுற்றி வந்து பாயின் முன்னால் நின்றார்.

"ஜும்மாவுக்கு ஓடிட்டான்னு மொதமொதல்ல சொன்னவன் நான்தான்."

"தெரியும்."

"அதுவும் தெரியுமா?" வெங்கடேசன் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாயின் முழங்கையைப் பிடித்தார். "வா மச்சான், வூட்டுக்குப் போலாம்."

"நான் வந்த வழியாவே போயிக்கறேன், வுடு."

"கேட் தெரு வழியா வா. நீ வந்தா உன் எதிர்க்க சொல்லுவேன். வராட்டி நான் மட்டும் போயி சொல்லுவேன். எப்படியும் சொல்லத்தான் போறேன்."

மெயின் கேட்டை அவரே திறந்தார். இரண்டு கதவையும் திறந்தார், லாரி வரும்போது திறப்பதுபோல. பாயை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். சைட்டுக்கு வராமல் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். "ஏய், கேட்டுக்கங்க. உலைய சாவடிச்சது பாய் இல்ல. நாம போட்ட ரிஜெக்டு. நானு, உங்கப்பன், எல்லாரும். போய்ப் பாருங்க, கண்ணாடியில அப்படியே கீது." பாய் வெட்கத்தில் குறுகிக்கொண்டு, "சும்மா வாடா, சும்மா வாடா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெங்கடேசன் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடுவார். நானும் முஜீப்பும் பின்னால் நடந்தோம். எங்களுக்குப் பின்னால் பாதித் தெரு.

பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்னால் ஞானம்மாள் நின்றிருந்தார். அவர் கணவரும் கம்பெனிக்காரர், போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது.

"ஞானம்மா, உங்க வூட்டுக்காரரு குழியில பாட்டிலு போட்டாரா இல்லையா?"

"போட்டாருதான். வூட்ல வந்து சொல்லிச் சிரிப்பாரு. அதுக்கு இன்னா இப்போ?"

"அதான் உலைய அடைச்சிகிச்சு. அதான் உலை செத்துச்சு."

ஞானம்மாள் கொஞ்ச நேரம் வெங்கடேசனைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். ஞானம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டார் போல என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் இரண்டு கையிலும் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், மேலே வழிந்த பாலைக்கூடத் துடைக்காமல்.

"ஒரு பக்கம் பத்தவே மாட்டேங்குது பாய். செங்கல்பட்டு பூரா காட்டிட்டேன். நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

முஜீப் வாங்கக் கையை நீட்டினார். பாய் விடவில்லை. தானே வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் பாலும் கரியும். அப்படியே தெருமுனை வரை நடந்து, எங்கள் தெருவுக்குள் திரும்பினோம்.

பதருன்னிசா அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணவர் வழக்கத்துக்கு மாறாக நாஸ்தாகூடச் சாப்பிடாமல் போயிருக்கிறாரே என்ற கவலையில், நெற்றியில் கையைக் குவித்து மேற்கே ஏரிக்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அடுப்பைப் பார்த்தார், வெங்கடேசனைப் பார்த்தார், பின்னால் வந்த கேட் தெருவைப் பார்த்தார்.

"இன்னாங்க, இந்தப் பக்கமா வரீங்க?" என்றார்.

"இதான கிட்ட வழி" என்றார் பாய். அடுப்பை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஊசியை எடுத்துவரச் சொன்னார்.